எங்கள் பாடகர் குழுவுக்கு ரெஜினா வந்தது

சென்ற மாதம் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர்கள் கோயில் பாடகர் குழுவுக்குப் புது மாஸ்டர் வரப்போகிறாராம். பழையவரோடு பாடியவர்களில் பாதிப்பேர் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். செங்கல்பட்டில் சண்டை இல்லாமல் ஆள் மாற்றியதாகக் கேள்விப்பட்டோம், அது எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டார்.

சண்டை இல்லாமல் நடந்தது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஒரு முறை நாங்களும் ஓர் ஆளை விரட்டியிருக்கிறோம். அடுத்த முறைதான் விரட்டாமல் இருந்தோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் புரியும் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் இருதயராஜ். பங்குப் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேரும்போதே பள்ளியில் பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். பள்ளி வேலையிலிருந்து உரிய வயதில் ஓய்வு கிடைத்தது. கோயில் வேலையிலிருந்து கிடைக்கவில்லை.

வேடந்தாங்கலுக்குப் போகிற வழியில் ஒரு கிராமம் என்னுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். என்னைச் சகோதரிகள் நடத்திய விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். சின்ன வயதில் நன்றாகப் பாடுவேன். குரல் உடைந்த பிறகு சுருதி காதில் இருந்தது, தொண்டையில் இல்லை. விடுதி சிஸ்டர் ஒருவர் அதைக் கண்டுகொண்டு, "உனக்கு வாய் வேணாம், கையே போதும்" என்று சொல்லி ஆர்மோனியத்தின் முன் உட்கார வைத்தார். அதன் பிறகு சென்னையில் பரீட்சைகள், பிறகு இந்த வேலை. பாடுபவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது என் சுபாவத்துக்குப் பொருந்திய காரியமாக இருந்தது. என்னை யாரும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

நான் சேர்ந்தபோது பாடகர் குழுவை நடத்தியவர் சூசை மாஸ்டர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். சனிக்கிழமை மாலை ஒத்திகை என்றால் பாட்டை எடுக்கவே மாட்டார். முதலில் மறுநாள் நற்செய்தி வாசகத்தை யாராவது ஒருவர் எழுந்து சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு வருகைப் பாடலின் வரிகளை மெட்டு இல்லாமல் எல்லோரும் சேர்ந்து பேசுவது போலச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் மூச்சு வாங்கினால் பொருள் கெடாது என்று அதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

எந்தச் சுருதியில் பாடுவது என்பதை அவர் முடிவு செய்த விதம் விசேஷமானது. கோயில் வாசலில் சவரியம்மா என்ற பெண் மெழுகுவத்தி விற்பார். சாதாரணக் குரல். மாஸ்டர் அவரை உள்ளே கூப்பிட்டு, பாட்டின் உச்ச வரியைப் பாடச் சொல்வார். கழுத்து நரம்பு புடைத்தால் எனக்குக் கையைக் கீழே காட்டுவார். அரைக் கட்டை இறக்குவேன். மறுபடி பாடச் சொல்வார். சவரியம்மா சிரமமில்லாமல் பாடினால் அதுதான் சுருதி. கீழே உட்கார்ந்திருக்கிற மக்கள் பாட முடியாத சுருதி நமக்கு எதற்கு என்பது அவர் கணக்கு. குழுவில் இருந்த பெண்களுக்கு இது பிடிக்காது. அவர்களால் இன்னும் மேலே போக முடியும். மாஸ்டர் காது கொடுக்க மாட்டார்.

பாடகர் மாடம் கோயிலின் பின்புறம் உயரத்தில் இருந்தது. ஆர்மோனியத்தைச் சுவரைப் பார்த்துத்தான் போட முடியும். பீடம் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதனால் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி ஒன்றை வாங்கி ஆர்மோனியத்தின் மேல் முறுக்கி வைத்திருந்தார் மாஸ்டர். திருவிருந்துப் பாடல் நடக்கும்போது அந்தக் கண்ணாடியில் நற்கருணை வாங்குகிற வரிசை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். குருவானவர் பாத்திரத்தைத் துடைத்து வைக்கிற நேரமும் பாட்டு முடிகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாஸ்டர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினால் இன்னொரு சரணம் உண்டு. இரண்டு தட்டினால் முடிக்கலாம். முன்னால் முடிந்து கோயில் வெறுமையாகக் கிடந்தாலும் தப்பு, குருவானவரைக் காத்திருக்க வைத்தாலும் தப்பு.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. யாராவது சுருதி தப்பினால் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த ஆளைப் பார்த்து, "தண்ணி குடிச்சிட்டு வர்றியாப்பா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த ஆள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த அமைதியைத் தாங்க முடியாமலே நிறையப் பேர் வீட்டில் பாடிப் பார்த்துவிட்டு வருவார்கள்.

மனைவி இறந்த பிறகு மாஸ்டர் கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் பெனடிக்ட். சென்னையில் இசை படித்த இளைஞர். நாலு குரலுக்கும் தனித்தனியாகச் சுரம் பிரித்து எழுதுவார். இதை நான் யாருக்காகவும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே அந்த வேலை தெரியும்.

அவர் வந்த விதம்தான் சரியில்லை. அப்போதைய பங்குத்தந்தை நல்லெண்ணத்தோடுதான் செய்தார். ஞாயிறு பெரிய திருப்பலி முடிந்ததும் பெனடிக்டைப் பீடத்துக்கு முன் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். மைக்கில், இனிமேல்தான் நம் கோயிலில் பாட்டு என்றால் என்ன என்று கேட்கப் போகிறோம் என்றார். கீழே மக்கள் கை தட்டினார்கள். மாடத்தில் யாரும் தட்டவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மார்கரெட் டீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் குழுவில் பாடி வந்தவர். குழுவின் பெண் குரல் என்றால் அவர்தான்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகள் மாறிப்போயின. பெனடிக்ட் எதைச் சொன்னாலும் சூசை மாஸ்டர் இப்படிச் செய்ய மாட்டார் என்றார்கள். தாமதமாக வந்தார்கள். அவர் புதிதாக எழுதிக் கொடுத்த பகுதிகளைப் பாடும்போது இருமினார்கள். அவரும் சின்னப் பையன்தானே, பதிலுக்குக் கோபப்பட்டார். நான் அவரிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். குழுவில் சிலரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஆர்மோனியம் வாசிக்கிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்?

குருத்து ஞாயிறு அன்று பவனி வளாகத்து மாதா கெபியிலிருந்து கிளம்பி, கையில் ஓலையோடு மக்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்த நேரத்தில் மாடத்திலிருந்து பாட்டு ஓங்கி வர வேண்டும். நான் முன்னிசை வாசித்து முடித்தேன். பெனடிக்ட் கையை உயர்த்தி இறக்கினார். எல்லோருடைய வாயும் திறந்தது. குரல் வரவில்லை. அங்கொன்று இங்கொன்றாகச் சில குரல்கள் மட்டும் கேட்டன. மற்றவர்கள் உதட்டை அசைத்தபடி நின்றார்கள். முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். குருவானவர் நடுவழியில் நின்று திரும்பி மேலே பார்த்தார். நான் சத்தத்தை முழுவதும் கூட்டி, வலது கையில் மெட்டை மட்டும் தனியாக வாசித்தேன். வாசற்பக்கம் நின்ற சவரியம்மா அதைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மக்கள் பாடினார்கள். எப்படியோ அந்தப் பாட்டு கரை சேர்ந்தது. பூசை முடிந்ததும் பெனடிக்ட் என்னிடம் வந்து கையைப் பிடித்து, "தேங்க்ஸ் அண்ணா" என்றார். முகம் வெளுத்திருந்தது. தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. சென்னையில் பெரிய குழு ஒன்றை நடத்துகிறார், நன்றாக இருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டு நிம்மதியானேன்.

மறுநாள் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். புனித வாரத்துக்கு வேறு ஆள் இல்லை, ரெண்டு வாரம் மட்டும் நீ பார்த்துக்கொள் என்றார். அந்த ரெண்டு வாரம் முடியவே இல்லை. அந்தப் பங்குத்தந்தை மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். ஒவ்வொருவரிடமும் ஆள் பாருங்கள் ஃபாதர் என்று சொல்வேன். நீங்கள் இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை என்பார்கள். அவர்களுக்குக் கவலை இல்லை என்பது உண்மைதான். எல்லாக் கவலையும் என்னிடம்தான் இருந்தது.

நான் நடத்தத் தெரியாதவன். இது அடக்கத்துக்காகச் சொல்வதில்லை. ஒருவர் வேகமாகப் பாட வேண்டும் என்பார், இன்னொருவர் நிதானமாக என்பார், நான் இரண்டுக்கும் நடுவில் வாசிப்பேன். இருவருக்கும் திருப்தி இருக்காது. தனிக்குரலில் யார் பாடுவது என்று இரண்டு பெண்களுக்குள் பேச்சு வந்தால், ஆளுக்கொரு சரணம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவேன். கல்யாண வீட்டார் சினிமா மெட்டில் பாட்டு வேண்டும் என்று வந்து நின்றால் முடியாது என்று சொல்ல வாய் வராது. பாடிக் காட்டித் திருத்த எனக்குக் குரல் கிடையாது. சனிக்கிழமை மதியம் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி ஞானம் சனிக்கிழமைகளில் எனக்கென்று தனியாகக் கஞ்சி வைப்பாள்.

அந்த வருடங்களில் மாடத்தில் சிரிப்புச் சத்தம் என்று ஒன்று இருந்தது என்றால் அது ஜான்சனால்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துப் பையன். மறைமலைநகர்ப் பக்கம் கம்பெனி ஒன்றில் வேலை, செங்கல்பட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கனமான கீழ்க்குரல். மார்கரெட் டீச்சரையே சிரிக்க வைப்பவன். ஊருக்குப் போனால் வஞ்சிரம் வாங்கிவந்து எல்லோருக்கும் பங்கு வைப்பான். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது ஈசிஆர் சாலையில் அவன் வண்டி மீது பஸ் மோதிவிட்டது.

அவனுடைய அம்மா, அடக்கப் பூசைக்கு அவன் பாடின குழுதான் வந்து பாட வேண்டும் என்று கேட்டனுப்பினார். வேன் பிடித்துப் போனோம். குப்பத்துக் கோயில் சிறியது. பின்னால் கடல், வாசற்படி வரைக்கும் மணல். ஆர்மோனியத்துக்குப் பதிலாக எங்கள் மாடத்துக்கு வந்திருந்த கீபோர்டை எடுத்துப் போயிருந்தோம், அதை ஒரு ஸ்டூலின் மேல் வைத்துக் கொடுத்தார்கள். பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். பெண்கள் குழுவுக்கும் பெட்டிக்கும் இடையே நாலடி தூரம்கூட இல்லை.

வருகைப் பாடலை எடுத்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் ஒரு குரல் உடைந்தது. அதைக் கேட்டு இன்னொன்று உடைந்தது. மார்கரெட் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டார். ஜான்சன் நின்று பாடுகிற வரிசையில் ஆண்கள் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டினேன். குருத்து ஞாயிறன்று அது உதவியது. இங்கே அது காரியத்தைக் கெடுத்தது. பாட்டே இல்லாமல் கீபோர்டு மட்டும் அந்தச் சின்னக் கோயிலில் அலறியது. நிறுத்தவும் தெரியவில்லை, வாசிக்கவும் முடியவில்லை.

உறவுக்காரர்கள் பக்கமிருந்து நீலப் புடவை கட்டிய ஒரு பெண் எழுந்து என்னிடம் வந்தார். நாற்பது வயது இருக்கலாம். அவரும் அழுத முகத்தோடுதான் இருந்தார். குனிந்து என் காதருகில் சொன்னார்:

"அண்ணா, சத்தத்தக் கொறச்சிக்கோ. நாலுல வாசிக்கிறியே, ரெண்டுக்கு எறக்கு. அழுதுகினு கீறாங்க, தொண்ட மேல ஏறாது."

நான் பட்டனை அழுத்திச் சுருதியை இரண்டு கட்டைக்கு இறக்கினேன். அவர் குழுவின் முன்னால் போய் நின்றார். யாரையும் தேற்றவில்லை. தன் உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து, மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக் காட்டினார். சிலர் அதேபோல் செய்தார்கள்.

"மூச்சு வாங்கிக்கினு பாடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. ஜான்சன் காத்துக்கினு இருப்பான்."

குருவானவரும் காத்து நின்றார். பிறகு அந்தப் பெண் நெஞ்சு உயரத்துக்குக் கையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முதலிலிருந்து எடுத்தேன். இந்தத் தடவை குரல் தாழ்ந்த இடத்திலிருந்து வந்தது. பேசுகிற குரலைவிடக் கொஞ்சம்தான் மேலே. உடையும் இடம் வரும்போதெல்லாம் அவர் கையை இலேசாக நிறுத்தி மூச்சுக்கு இடம் கொடுத்தார். நானும் அந்த இடத்தில் காத்திருந்தேன். மார்கரெட் டீச்சர் காணிக்கைப் பாடலின்போது எழுந்து நின்று பாடினார். அடக்கம் முடியும்வரை, சவுக்குத் தோப்புக்கு அருகிலிருந்த கல்லறையில் கடைசிப் பாட்டு வரை, நாங்கள் பாடினோம். ஜான்சனின் அம்மா பிறகு வந்து ஒவ்வொருவர் கன்னத்தையும் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

டீ கொடுத்த இடத்தில் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசினேன். பெயர் ரெஜினா. ஜான்சனுக்குப் பெரியம்மா மகள். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நர்ஸிங் படித்த காலத்தில் விடுதிப் பாடகர் குழுவை நடத்தியவராம். எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். உங்கள் கோயிலுக்குத்தான் என்றார். நான் பார்த்ததே இல்லையே என்றேன். நைட் டூட்டி முடித்து நேராக வந்து கதவோரம் கடைசி பெஞ்சில் உட்காருவதாகவும், பிரசங்கத்தில் தூங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். அழுத முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போது வேனில் எனக்கு வந்த நினைப்பை அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சாவு வீட்டிலிருந்து வருகிறவனுக்கு மனசு அப்படி இலேசாக இருக்கக்கூடாது. ஆனாலும் இருந்தது.

இப்போதைய பங்குத்தந்தை அந்தோணி அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். குழுவை ரெஜினாவிடம் கொடுக்கலாம் என்று சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். வரும் ஞாயிறே அறிவித்துவிடலாம், பொன்னாடைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் அவரிடம் பெனடிக்டின் கதையைச் சொன்னேன். பொன்னாடை வேண்டாம் ஃபாதர், மைக்கும் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

ரெஜினாவுக்கும் முதலில் விருப்பமில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். டூட்டி மாறி மாறி வரும், சனிக்கிழமை நைட் போட்டுவிட்டால் ஒத்திகை என்ன ஆவது என்று கேட்டார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவருடைய தயக்கம் அதுவல்ல என்று அப்புறம் தெரிந்தது.

"உங்க ஆளுங்க எல்லாம் டவுனு ஆளுங்க சார். நான் வாயத் தொறந்தாலே குப்பம்னு தெரிஞ்சிடும். சாவுன்னா கேட்டுக்குவாங்க. வாராவாரம் கேப்பாங்களா?"

கேட்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. முயற்சி செய்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர் யாரையாவது திருத்தினால் நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்யக்கூடாது. அந்த நிபந்தனையை அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. மார்கரெட் டீச்சர் குழுவை விட்டு விலகப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். அவர் விலகினால் பெண்கள் வரிசை முழுவதும் விலகும். எனக்குக் குருத்து ஞாயிறு கண்முன் வந்தது. மறுநாள் சாயங்காலம் கொளவாய் ஏரிப் பக்கமிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், மகன் வெளிநாட்டில். காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

ரெஜினாவின் பேச்சைப் பற்றியோ ஊரைப் பற்றியோ சொல்வார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. அன்றைக்கு அந்தப் பெண் செய்தது பெரிய காரியம் என்றுதான் ஆரம்பித்தார். பிறகு சொன்னார்:

"சூசை மாஸ்டர் போனாரு. அந்தப் பையன் வந்தான். அவன் போனதும் உங்கள உக்கார வச்சாங்க. உங்களுக்குப் பாடவே வராது, ராஜ் சார். இப்ப இந்தப் பொண்ணு. இத்தன வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ நடத்துறியான்னு என்னை யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. மாற்றி மாற்றி வந்த பங்குத்தந்தைகளில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்ப நான் கேக்கறேன் டீச்சர். நீங்க எடுத்து நடத்துறீங்களா?"

சும்மா கேட்கவில்லை. சரி என்றால் ஃபாதரிடம் போய்ச் சொல்லி, ரெஜினாவிடமும் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் கேட்டேன். டீச்சர் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு மூட்டு வலி. படி ஏறுறதே கஷ்டமா இருக்கு. நின்னுக்கிட்டு கை ஆட்ட என்னால ஆவாது" என்றார். பிறகு, "எனக்கு வேணாம். ஆனா கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும் டீச்சர்."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறது, நைட் டூட்டி முடித்து வந்தால் காலையில் என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள மாட்டீர்களா என்று திட்டினார். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தபோது மார்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தது போல இருந்தது. போன் செய்த அந்த நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். புது ஆளை வரவேற்க மாலை வாங்கப் போகும் முன், பழைய ஆள் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.

ரெஜினா முதல் சில வாரங்கள் பெண்கள் வரிசையில் மார்கரெட் டீச்சர் பக்கத்தில் நின்று வெறுமனே பாடினார். பூசை முடிந்ததும் டீச்சர் டிபன் பாக்ஸில் இட்லி கொடுப்பதைப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்கு நான் எழுந்து முன்னால் போகவில்லை. கீபோர்டின் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ரெஜினா போய் நின்றார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். ஆண்கள் வரிசையில் பாடும், வேன் ஓட்டும் செல்வம் என்பவன், அவர் 'இன்னா' என்று சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவனைச் சிரிக்க வைத்தான். பழக்க தோஷத்தில் நான் எழப் போனேன். ரெஜினா என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பேசச்சொல்ல இப்டித்தான் பேசுவேன். பாடச்சொல்ல அப்டிப் பாடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, 'வாழ்வு' என்ற சொல் வரும் வரியைப் பாடிக் காட்டினார். ழகரம் தெளிவாக விழுந்தது. செல்வத்தைப் பாடச் சொன்னார். அவன் வாயில் 'வால்வு' என்று வந்தது. அவனே முதலில் சிரித்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஜான்சன் போன பிறகு அந்த மாடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அவர் முதன்முறை பூசையில் நடத்தினார். கீபோர்டைத் திருப்பி அவரைப் பார்க்கும்படி போட்டுக்கொண்டேன். அன்று காலை என்னால் கஞ்சியைக்கூடக் குடிக்க முடியவில்லை. ரெஜினா நைட் டூட்டி முடித்து வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. மணி அடித்தது. மக்கள் எழுந்தார்கள். நான் முன்னிசை வாசித்தேன். குழுவினரின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எந்த வாயில் குரல் வராமல் போகப்போகிறது என்று. ரெஜினா கையைத் தூக்கி இறக்கினார்.

முழுக் குரலும் வந்தது. ஒருவர் பாக்கி இல்லாமல். மார்கரெட் டீச்சரின் குரல் மேலே தனியாகத் தெரிந்தது, அடியில் செல்வத்தின் குரல். கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கு ஓர் இடத்தில் கை தப்பியது. ரெஜினா என் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்திக் காட்டினார். சத்தம் ஜாஸ்தி, குறை என்று அர்த்தம். குறைத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் எனக்குச் சொல்கிறார். அந்த ஞாயிறு முழுவதும் அவர் கை சொன்னதை மட்டும் செய்தேன். அதைவிடச் சுகமான வேலை உலகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஈஸ்டர் பாஸ்கா வரை வாசித்தேன். அதற்குள் ரெஜினா தம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன் ஒருவரைக் கீபோர்டுக்குப் பிடித்துவிட்டார். நன்றாக வாசிக்கிறார். எனக்கு இப்போது கோயிலில் எந்த வேலையும் இல்லை. ஞானத்தோடு நடு பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு இருக்கிற குரலில் பாடுகிறேன். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

முட்டுக்காடு படகுத் துறைக்குப் போக வேண்டும் என்று ஞானம் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிறு பூசை என்று தள்ளிக்கொண்டே போனது. போன சனிக்கிழமை போனோம். படகு கழிமுகத்தின் நடுவில் இருக்கும்போது போன் அடித்தது. மார்கரெட் டீச்சர். ஒத்திகையிலிருந்து பேசினார்.

"உங்க ரெஜினா என்ன பண்ணுது தெரியுமா? ஒரே வரிய எத்தன வாட்டி பாட வெக்குது. நானு, இந்த வயசுல. நீங்க கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

"கடைசில சரியா வந்துச்சா டீச்சர்?"

"வந்துச்சு."

அப்படியானால் அவரிடமே சொல்லுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என்னவாம் என்று ஞானம் கேட்டாள். ஒன்றுமில்லை, பாட்டு நன்றாக வந்ததாம் என்றேன். இன்னொரு சுற்று போகலாமா என்று படகோட்டி கேட்டார். எங்களுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. போகலாம் என்றேன்.